பேரணாம்பட்டில் ஷூ அப்பர் தையல் கூடம் தொடங்க எந்த அரசுக் கடன் பொருந்தும்?

கேள்வி
பதிவிட்டவர்: மேல்பட்டி சாலை

அனைவருக்கும் வணக்கம். நான் ஆம்பூரில் உள்ள ஒரு காலணித் தொழிற்சாலையின் தையல் பிரிவில் பல ஆண்டுகளாக வேலை செய்து, இப்போது லைன் சூப்பர்வைசராக இருக்கிறேன். வயது 36. பத்தாம் வகுப்பு தேறியிருக்கிறேன். பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவள். வீட்டில் இரண்டு தையல் எந்திரங்கள் வைத்து, ஒரு காண்டிராக்டர் கொடுக்கும் அப்பர்களை (காலணியின் மேற்பகுதிகளை) ஜோடிக்கு இவ்வளவு என்ற கூலிக்குத் தைத்துக் கொடுப்பதும் உண்டு. அதற்கென்று எந்தப் பதிவும் செய்யவில்லை.

எங்கள் பகுதியில் நன்கு தைக்கத் தெரிந்த பெண்கள் பலர், குழந்தைகளை விட்டுவிட்டு ஆம்பூர் வரை பேருந்தில் போக முடியாமல் வீட்டோடு இருக்கிறார்கள். அவர்களில் பன்னிரண்டு பேரை வைத்து, பேரணாம்பட்டிலேயே ஒரு தையல் கூடம் தொடங்க எண்ணியுள்ளேன். போஸ்ட் பெட், பிளாட் பெட் தையல் எந்திரங்கள், தோலின் ஓரத்தைச் சீவி மெல்லியதாக்கும் ஒரு ஸ்கைவிங் மெஷின், மேசைகள், மின்னிணைப்பு எல்லாம் சேர்த்து ஒன்பது லட்சமும், கூலிக்கும் நூல், பசை போன்றவற்றுக்கும் கையில் வைத்திருக்க மூன்று லட்சமும் என்று மொத்தம் ரூ.12 லட்சம் கணக்கு வருகிறது. என்னிடம் ஏறக்குறைய ஒரு லட்சம் இருக்கிறது.

பி.எம்.இ.ஜி.பி., யு.ஒய்.இ.ஜி.பி., முத்ரா என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். மானியத்தோடு கடன் வாங்கித் தருவதாகச் சொல்லும் ஒருவர், மானியத் தொகையில் பத்தில் ஒரு பங்கும் முன்பணமாகச் சில ஆயிரங்களும் கேட்கிறார். முதலில் சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு செய்துவிட்டால்தான் எதுவும் நடக்கும் என்றும் அவரே சொல்கிறார். இடம் இரண்டு பார்த்திருக்கிறேன். ஒன்று நகராட்சி எல்லைக்குள், பேருந்து நிலையத்துக்கு அருகில். மற்றொன்று மேல்பட்டி சாலையில் ஊராட்சி எல்லைக்குள், வாடகை குறைவு. எதில் தொடங்குவது, எந்தத் திட்டத்துக்கு விண்ணப்பிப்பது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.


பதில் 1
பதிவிட்டவர்: பாலாற்றங்கரை

சகோதரி, மாவட்டத் தொழில் மையத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். எந்தத் திட்டம் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் நிலையில் அதைவிட முக்கியமானது, எதை முதலில் செய்வது, எதைச் செய்யாமல் இருப்பது என்ற வரிசை. நன்றாகத் தகுதியுள்ள பலரும் மானியத்தை இழப்பது அந்த வரிசையில்தான்.

பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டமான பி.எம்.இ.ஜி.பி. புதிய தொழில்களுக்கு மட்டுமே உரியது. ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் தொழிலுக்கு அதன் முதல் கடன் கிடையாது. ஆகவே கடன் அனுமதி ஆகுமுன் எந்திரங்களுக்கு முன்பணம் கட்டுவதும், வேலையைத் தொடங்கிவிட்டுப் பிறகு விண்ணப்பிப்பதும் கூடாது. உத்யம் பதிவிலும் இதே சிக்கல் ஒளிந்திருக்கிறது. அந்தப் படிவம் உற்பத்தி தொடங்கிவிட்டதா, என்று தொடங்கியது என்று கேட்கும். இடைத்தரகர் தம் போக்கில் சென்ற ஆண்டுத் தேதி ஒன்றைப் போட்டுவிட்டால், உங்கள் தொழில் பழைய தொழில் என்பதற்கு நீங்களே கையெழுத்திட்ட சான்றாக அது நிற்கும். வங்கி இப்போதே உத்யம் எண் கேட்டால், இன்னும் தொடங்கவில்லை என்று உள்ளபடியே குறிப்பிட்டுப் பதிவு செய்யலாம். அந்தப் பதிவுக்கு ஆதாரும் பான் எண்ணும் போதும்; கட்டணம் ஒரு ரூபாய்கூடக் கிடையாது. பணம் கேட்கும் இணையதளங்கள் எல்லாம் தனியாருடையவை.

வீட்டில் உள்ள இரண்டு எந்திரங்களைப் பற்றி அச்சம் வேண்டாம். பொருள் காண்டிராக்டருடையது, நீங்கள் பெறுவது கூலி. அது வீட்டிலிருந்து செய்யும் கூலி வேலை என்று தொழில் மைய அலுவலரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். அவற்றை உங்கள் பங்குத் தொகையாகவோ திட்டத்தின் எந்திரங்களாகவோ காட்டாதீர்கள்.

இனி கணக்கைப் பார்ப்போம். பி.எம்.இ.ஜி.பி.யில் பெண்கள், பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் வகுப்பினர், சிறுபான்மையினர் முதலானோர் சிறப்புப் பிரிவில் வருகிறார்கள். இவர்களுக்குச் சொந்தப் பங்கு 5 சதவீதம். மானியம் கிராமப் பகுதியில் 35 சதவீதம், நகரப் பகுதியில் 25 சதவீதம். 2022ஆம் ஆண்டு திருத்தத்துக்குப் பின், ஊராட்சி அமைப்புகளின் கீழ் வருவதெல்லாம் கிராமம், நகராட்சியின் கீழ் வருவதெல்லாம் நகரம் என்று ஆகிவிட்டது. உங்கள் 12 லட்சத்துக்குச் சொந்தப் பங்கு 60 ஆயிரம். ஊராட்சி எல்லைக்குள் என்றால் மானியம் 4 லட்சத்து 20 ஆயிரம். நகராட்சிக்குள் என்றால் 3 லட்சம். பேருந்து நிலையத்துக்கு அருகில் இருப்பதற்காக நீங்கள் கொடுக்கும் விலை 1 லட்சத்து 20 ஆயிரம், வாடகை வேறுபாடு தனி. வருகிற பெண்கள் சுற்றுவட்டக் கிராமத்தினர் என்றால் ஊராட்சி இடமே சரி என்பது என் கருத்து.

வேலையற்ற இளைஞர்களுக்கான தமிழக அரசின் திட்டமான யு.ஒய்.இ.ஜி.பி.யில் மானியம் 25 சதவீதம். உற்பத்தித் தொழிலில் 15 லட்சம் வரையிலான திட்டத்துக்கு, அதிகபட்சம் 3.75 லட்சம். கிராமம், நகரம் என்ற வேறுபாடு அதில் இல்லை. நகராட்சி இடத்தைத்தான் எடுப்பீர்கள் என்றால் இரண்டு திட்டங்களிலும் உங்களுக்கு 3 லட்சமே வரும். எந்த விண்ணப்பம் விரைவாக நகர்கிறது என்பதை மட்டும் விசாரித்து முடிவு செய்யலாம். புதிய தொழில்முனைவோருக்கான தமிழக அரசின் நீட்ஸ் திட்டம் பத்தாம் வகுப்புத் தகுதிக்குப் பொருந்தாது என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

மானியம் உங்கள் கைக்கு வரும் பணம் அல்ல என்பதையும் விளங்கிக்கொள்ளுங்கள். வங்கி முதலில் 95 சதவீதத்தைக் கடனாகத் தரும். அரசு அனுப்பும் மானியத் தொகை உங்கள் பெயரில் மூன்று ஆண்டுகளுக்கு வைப்பாக வைக்கப்படும். அந்த வைப்புக்கு வட்டி கிடையாது. அதற்கு ஈடான கடன் பகுதிக்கு வங்கியும் வட்டி போடாது. மூன்று ஆண்டு முடிவில், தொழில் நடப்பதை நேரில் வந்து சரிபார்த்த பிறகுதான் அது கடனில் கழிக்கப்படும். நடுவில் கூடத்தை மூடிவிட்டால் மானியம் திரும்பிப் போய்விடும். இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. கூலிக்கும் நூலுக்கும் என்று வாங்கும் நடைமுறை மூலதனத்தை மூன்று ஆண்டுக்குள் ஒரு முறையேனும் முழு வரம்பு வரை எடுத்திருக்க வேண்டும், 75 சதவீதத்துக்குக் குறையாமல் பயன்படுத்தியும் இருக்க வேண்டும். தவறினால் அந்த அளவுக்குரிய மானியம் திரும்பப் பெறப்படும். ஆகவே மூன்று லட்சம் உண்மையிலேயே தேவையா என்று இப்போதே யோசித்து எழுதுங்கள்.

பழைய எந்திரங்கள் ஆம்பூரில் மலிவாகக் கிடைக்கும் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் இத்தகைய கடனில் வங்கிகள் ஜி.எஸ்.டி. பில்லுடன் கூடிய புதிய எந்திரத்தையே பொதுவாக ஏற்கின்றன; பணமும் விலைப்புள்ளி கொடுத்த விற்பனையாளர் கணக்குக்கே நேராகப் போகும்.

விண்ணப்பம் இணையவழியில், இலவசம். 5 லட்சத்துக்கு மேற்பட்ட திட்டம் என்பதால் பத்து நாள் தொழில்முனைவோர் பயிற்சி உண்டு. திட்டம் 2025-26 நிதியாண்டு வரை நீட்டிக்கப்பட்டிருந்தது. எனவே நடப்பு ஆண்டுக்கான வழிமுறைகளைத் தொழில் மையத்தில் கேட்டுக்கொண்டு விண்ணப்பியுங்கள். அந்த இடைத்தரகருக்கு ஒன்றும் கொடுக்க வேண்டாம். அவர் செய்யப்போவது நீங்களே செய்யக்கூடியது. செய்ய முடியாதது எதையும் அவராலும் செய்ய முடியாது.


பதில் 2
பதிவிட்டவர்: ஆம்பூர் ஜாப் ஒர்க்

நானும் அப்பர் தைத்துக் கொடுக்கும் கூடம் நடத்துகிறவன். மேலே எழுதிய ஐயா சொன்ன கணக்கில் பிழை இல்லை. ஆனால் அந்தக் கணக்கு மானியத்திலிருந்து தொடங்குகிறது. நான் ஆர்டரிலிருந்து தொடங்குவேன்.

பன்னிரண்டு பேருக்கு நாள்தோறும் வேலை கொடுப்பதாக எந்தத் தொழிற்சாலையாவது எழுதிக் கொடுத்திருக்கிறதா? அக்கா அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. நம் பகுதித் தொழிற்சாலைகள் பெரும்பாலும் ஏற்றுமதியை நம்பியிருப்பவை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீதம் வரி விதித்தபோது, அந்த நாட்டுக்கு அனுப்பும் நிறுவனங்கள் முதலில் நிறுத்தியது வெளியே கூலிக்குக் கொடுக்கும் ஜாப் ஒர்க்கைத்தான். உள்ளே இருக்கும் லைனைக் காலியாக வைத்துவிட்டு வெளியே யாரும் வேலை கொடுக்க மாட்டார்கள். அந்த நேரத்திலும் வங்கித் தவணை வந்துகொண்டேதான் இருக்கும்.

எனவே 35 சதவீதம் கிடைக்கிறது என்பதற்காகத் திட்டத்தைப் பெரிதாக்க வேண்டாம் என்பேன். ஐந்து அல்லது ஆறு எந்திரங்களோடு, சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் முத்ரா கடனில் கிஷோர் பிரிவில் 5 லட்சத்துக்குள் வாங்கித் தொடங்குங்கள். மானியம் இல்லைதான். ஆனால் பிணை இல்லை, மூன்று ஆண்டு வைப்பு இல்லை, சரிபார்ப்புக்கு யார் எப்போது வருவார்கள் என்ற காத்திருப்பும் இல்லை. பழைய எந்திரம் ஒன்றிரண்டைச் சொந்தப் பணத்தில் சேர்த்துக்கொள்ளலாம். ஓராண்டு ஓட்டிப் பார்த்து, வேலை நிலையாக வந்தால் பெரிதாக்கலாம்.

இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சரக்கு ஏற்றி வரும் வண்டி எளிதாக வந்து திரும்ப வேண்டும். மழையில் நனைந்த தோலை எந்தத் தொழிற்சாலையும் திரும்ப வாங்காது. மேல்பட்டி சாலை இடத்தின் கூரையையும் வாசலையும் மழைக்காலத்தில் ஒரு முறை போய்ப் பாருங்கள்.


பதில் 3
பதிவிட்டவர்: பாலாற்றங்கரை

ஆம்பூர் நண்பர் எழுப்பிய ஆர்டர் பற்றிய கேள்வி நியாயமானது. திட்ட அறிக்கையைப் படிக்கும் கிளை மேலாளரும் அதையேதான் கேட்பார். தொழிற்சாலையிலிருந்து வேலை தருவதாக ஒரு கடிதம், ஜோடிக்கு எவ்வளவு, மாதம் எத்தனை ஜோடி என்று குறிப்பிட்டு வாங்கி இணைத்தால், அது எந்தப் பிணையையும்விட வலுவானது.

ஆனால் சிறிதாகத் தொடங்குவதற்கு முத்ராதான் வழி என்பதை ஏற்க முடியவில்லை. பி.எம்.இ.ஜி.பி.யில் 50 லட்சம் என்பது உற்பத்தித் தொழிலுக்கான மேல்வரம்பு. அந்த அளவுக்கு வாங்கியே தீர வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஆறு எந்திரத்தோடு ரூ.6 லட்சத்தில் திட்டம் போட்டாலும், கிராமப் பகுதியில் 2 லட்சத்து 10 ஆயிரம் மானியம் உண்டு.

முத்ராவில் தொடங்கிவிட்டால் பி.எம்.இ.ஜி.பி. முதல் கடனுக்கான வாய்ப்பு போய்விடும். பிறகு இருப்பது விரிவாக்கத்துக்கான இரண்டாம் கடன். அது முத்ராவில் தொடங்கிய தொழில்களுக்கும் உண்டு; உற்பத்தித் தொழிலுக்கு ஒரு கோடி வரை தருகிறார்கள். ஆனால் அங்கே மானியம் 15 சதவீதம்தான், முந்தைய கடனை ஒழுங்காக அடைத்து லாபத்தில் நடக்கும் தொழிலாகவும் இருக்க வேண்டும். முப்பத்தைந்தை விட்டுவிட்டுப் பதினைந்துக்குக் காத்திருப்பது ஏன் என்பதே என் கேள்வி. காலம் முக்கியம், அடுத்த மாதமே ஆர்டர் காத்திருக்கிறது என்றால் மட்டும் நண்பர் சொல்வது பொருந்தும்.


பதில் 4
பதிவிட்டவர்: சத்துவாச்சாரி தணிக்கையர்

கடன் பற்றி இருவரும் எழுதிவிட்டார்கள். ஜாப் ஒர்க் கூடங்களின் கணக்குகளைப் பார்த்து வருபவன் என்ற முறையில் வேறொன்றைச் சொல்கிறேன். இத்தொழிலில் கூடங்கள் மூடப்படுவது பெரும்பாலும் வட்டியால் அல்ல, பில் பணம் வராததால். வாரந்தோறும் பெண்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும். தொழிற்சாலையோ இரண்டு, மூன்று மாதம் கழித்துப் பணம் தரும். உங்கள் மூன்று லட்சம் அந்த இடைவெளியில்தான் கரையும்.

இதற்கு அரசு தரும் பாதுகாப்பு கடன் திட்டங்களைவிடப் பழையது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, குறு அல்லது சிறு நிறுவனத்திடம் பொருளோ சேவையோ பெற்றவர், எழுத்து வடிவ ஒப்பந்தம் இருந்தால் அதில் குறித்த நாளுக்குள் பணம் தர வேண்டும். அந்த நாளும் 45 நாளைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாகச் சேரும். வசூலிக்க மத்திய குறு, சிறு தொழில் அமைச்சகத்தின் இணையதளத்தில் முறையிடலாம். அது இத்தகைய நிலுவை வழக்குகளை விசாரிக்கும் வசதியாக்கல் மன்றத்துக்குப் போகும்.

வேலை கொடுக்கும் ஒரே தொழிற்சாலை மீது யார் முறையிடுவார்கள் என்று கேட்பீர்கள். உண்மைதான், பெரும்பாலோர் முறையிடுவதில்லை. ஆனால் 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவில் எச் என்ற உட்பிரிவைச் சேர்த்த பிறகு நிலைமை சற்று மாறியது. குறு, சிறு நிறுவனங்களுக்குக் குறித்த காலத்துக்குள் தராத தொகையை, வாங்கியவர் அந்த ஆண்டின் செலவாகக் கழித்துக்கொள்ள முடியாது. உண்மையில் பணம் கொடுத்த ஆண்டில்தான் கழிக்கலாம். அதனால் மார்ச் மாதம் நெருங்கும்போது பெரிய தொழிற்சாலைகளின் கணக்குப் பிரிவே உத்யம் சான்றிதழைக் கேட்டு வாங்குகிறது. நீங்கள் ஒரு புகாரும் கொடுக்காமலேயே இது வேலை செய்யும். ஒன்றே ஒன்று தேவை. கூடம் தொடங்கிய அன்றே உத்யம் பதிவில் உற்பத்தி தொடங்கிய தேதியைச் சேர்த்து, ஒவ்வொரு பில்லிலும் உத்யம் எண்ணை அச்சிட்டுவிடுங்கள். முதல் ஆர்டரை எடுக்கும்போதே பணம் தரும் நாளைக் குறிப்பிட்டு ஒரு பக்க ஒப்பந்தம் வாங்குங்கள்; வாட்ஸ்அப் செய்தியில் விலை பேசி நின்றுவிடாதீர்கள்.

ஜாப் ஒர்க் என்பது ஜி.எஸ்.டி. கணக்கில் சேவை. ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும் வரை பதிவு கட்டாயமில்லை. பன்னிரண்டு பேர் கொண்ட கூடம் அந்த எல்லையைத் தொட்டுவிட வாய்ப்பு உண்டு என்பதால் விலை பேசும்போதே வரி தனி என்று எழுதிக்கொள்ளுங்கள்.


பதில் 5
பதிவிட்டவர்: மேல்பட்டி சாலை

விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. ஆம்பூர் அண்ணா கேட்ட கேள்விக்குப் பதில்: நான் வேலை செய்யும் இடத்திலிருந்து ஆறு பேருக்குரிய வேலை தருவதாக வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார்கள், கடிதமாகக் கேட்கிறேன். மீதி ஆறு பேர் என்பது என் விருப்பக் கணக்குதான். ஆகவே முதலில் ஆறு எந்திரத்தோடு, ஊராட்சி இடத்தில், பி.எம்.இ.ஜி.பி.யில் சிறிய திட்டமாகப் போடலாம் என்று நினைக்கிறேன்.

இன்னும் இரண்டு கேள்விகள் உண்டு. நான் ஒரு நுண்கடன் நிறுவனத்தில் குழுவாகச் சேர்ந்து வாங்கிய கடனில், குழுவில் ஒருவர் சில தவணைகள் தவறியிருக்கிறார். அது என் கடனைப் பாதிக்குமா? மேலும், மாதனூர் பக்கம் உறவினர் ஒருவர் ஷெட் தருகிறேன் என்கிறார். அங்கே வைத்தால் வேலூர் தொழில் மையத்திலேயே விண்ணப்பிக்கலாமா?


பதில் 6
பதிவிட்டவர்: முன்னாள் கிளை மேலாளர், காட்பாடி

குழுக் கடன் என்றாலும் ஒவ்வொருவர் பெயரிலும் தனித்தனியாகவே சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்களில் பதிவாகும். குழுவினர் தவறியதை நீங்கள் சேர்ந்து கட்டிவிட்டீர்களா, அல்லது உங்கள் கணக்கிலும் நிலுவை தெரிகிறதா என்பதை அறிக்கையைப் பார்த்தால்தான் சொல்ல முடியும். ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. விண்ணப்பிக்கும் முன்பே அதை எடுத்துப் பாருங்கள். கட்டி முடித்த கடன் நிலுவையாகவே காட்டப்பட்டிருந்தால், கடன் கொடுத்த நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுத் திருத்த வேண்டும். அதற்கு நாள் பிடிக்கும் என்பதால்தான் முன்கூட்டியே செய்யச் சொல்கிறேன். வங்கியில் விண்ணப்பம் நிராகரிக்கப்படுவதற்கு நான் கண்ட காரணங்களில் முதலிடத்தில் இருப்பது இது; விண்ணப்பிப்பவர் கடைசியில் அறிந்துகொள்வதும் இதுவே.

10 லட்சம் வரையிலான கடனுக்குக் குறு, சிறு தொழில்களிடம் வங்கி பிணை கேட்கக் கூடாது என்ற விதி 2010இலேயே வந்துவிட்டது. வீட்டுப் பத்திரம் கொண்டு வா என்று யாராவது சொன்னால், இத்தொகைக்கு அது தேவையில்லை என்றும், கடன் உத்தரவாத நிதியத்தின் காப்பில் சேர்க்கும்படியும் பணிவாகச் சொல்லுங்கள். அந்தக் காப்புக்கு ஆண்டுக் கட்டணம் உண்டு. அது வங்கிக்குத்தான் பாதுகாப்பு. கடனை அடைக்கும் பொறுப்பு உங்களுடையதாகவே இருக்கும். விண்ணப்பத்தை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எழுதித் தர வேண்டியிருக்கிறது என்றாலே சில மறுப்புகள் மறுபரிசீலனைக்குப் போவதை நான் பார்த்திருக்கிறேன்.

மாதனூர் இப்போது திருப்பத்தூர் மாவட்டம். 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது ஆம்பூர், வாணியம்பாடி எல்லாம் அங்கே போய்விட்டன. பேரணாம்பட்டும் குடியாத்தமும் வேலூரில் தங்கின. கூடம் எங்கே அமைகிறதோ அந்த மாவட்டத் தொழில் மையத்தில்தான் விண்ணப்பம், அந்தப் பகுதிக்குரிய வங்கிக் கிளையில்தான் கடன். வீடு ஒரு மாவட்டம், கூடம் ஒரு மாவட்டம் என்றால், உங்களை ஏற்கெனவே அறிந்த கிளையை விட்டுவிட்டுப் புதிய கிளையில் தொடங்க வேண்டியிருக்கும். உறவினர் ஷெட்டுக்கு வாடகை ஒப்பந்தமும் பதிவு செய்ய வேண்டும். உறவு என்பதால் சும்மா இருக்கட்டும் என்றால் வங்கி ஏற்காது. மேல்பட்டி சாலை இடமே உங்களுக்கு எளிது.


பதில் 7
பதிவிட்டவர்: ஆம்பூர் ஜாப் ஒர்க்

ஆறு எந்திரம் என்று முடிவு செய்தது நல்லது அக்கா. ஸ்கைவிங் மெஷினுக்கு விலைப்புள்ளி வாங்கும்போது, பழுது பார்க்க ஆள் ஆம்பூரிலிருந்து எத்தனை நாளில் வருவார் என்பதையும் அதே தாளில் எழுதி வாங்குங்கள். எந்திரங்களுக்குச் சர்வோ மோட்டார் வைத்தே விலை கேளுங்கள். பழைய கிளட்ச் மோட்டாரைவிட மின்சாரம் நன்றாகக் குறையும். விலைப்புள்ளியில் சேர்ந்துவிட்டால் அதுவும் திட்டச் செலவுக்குள்ளேயே அடங்கிவிடும்.